மூன்றாம் அத்தியாயத்துக் குடும்பம்

அந்த வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பு சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்காரர் ஒருமுறை இருமுவார். அப்போதும் பார்க்காவிட்டால், "இந்தப் பக்கம் காத்து நல்லா வரும், இப்படி வந்து உட்காருங்க" என்று சட்டத்துக்கு நேர் எதிரே கிடக்கும் நாற்காலிக்கு மாற்றிவிடுவார். அந்த நாற்காலிக்குக் காற்று வந்ததாக யாரும் சொன்னதில்லை.

சட்டத்துக்குள் இருந்தது புகைப்படமல்ல. அச்சடித்த இரண்டு பக்கங்கள். ஒரு பிரபல நாவலின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கிழித்தவை. காகிதக்கடையில் உறை மடிக்க வந்த ஒரு சிறுமி எப்படி வளர்ந்து ஆளாகிறாள் என்பதுதான் நாவல். நாற்பத்திரண்டு வருடங்களாக அச்சில் இருப்பது. இப்போது பத்தாம் வகுப்புக்குப் பாடமாகவும் ஆகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கடையின் முதலாளி, மிஞ்சிய துண்டுக் காகிதங்களைச் சிறுமியிடம் எழுதிப் பழகக் கொடுக்கிறார். அவளைப் பள்ளியில் சேர்ப்பதற்கான தாளில், மூடியில் செப்புக் கம்பி சுற்றிய தன் பேனாவால் பாதுகாவலர் என்று கையெழுத்துப் போடுகிறார். 'அவர் கையெழுத்துப் போட்ட மை காயும்வரை நான் மூச்சுவிடவில்லை' என்று சிறுமி சொல்வதோடு பக்கம் முடிகிறது.

அந்தக் கடை முதலாளி, வீட்டுக்காரரின் தகப்பனார். நாவலை எழுதிய அம்மையார் சிறு வயதில் அவர் கடையில் வேலை பார்த்தவர். இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. இருந்திருந்தாலும் வீட்டுக்காரர் விட்டுவைத்திருக்கமாட்டார்.

வீட்டுக்காரருக்கு முத்திரையார் என்று பெயர் நிலைத்துவிட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை. கடைசி வரிவரை படிக்காமல் ஒரு பத்திரத்திலும் முத்திரை குத்தியவரில்லை. ஒருமுறை மாவட்ட அதிகாரியே வந்து, "வெறும் நாலு பக்கம்தானே, குத்துங்க" என்றபோது, "நாலு பக்கத்துல மூணு பக்கம் நல்லாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லி உட்கார்ந்து படித்தார். நான்காம் பக்கத்தில் வில்லங்கம் இருந்தது. அன்றிலிருந்து அலுவலகமே அவருக்கு எழுந்து நின்றது.

அப்பேர்ப்பட்டவர் அந்த நாவலில் அந்த இரண்டு பக்கங்களைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. அவர் மகன் படித்ததில்லை. மருமகளும் படித்ததில்லை. தகப்பனார் கடைசிப் படுக்கையில் தம் கையால் கிழித்துக் கொடுத்தனுப்பிய பக்கங்கள் அவை. அதற்கு மேல் படிப்பது அவரைச் சந்தேகப்பட்டுச் சாட்சி தேடுவது மாதிரி என்று முத்திரையார் நினைத்தார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. நாவலாசிரியையின் நினைவு விழா. முத்திரையார் சிறப்பு விருந்தினர். தமிழாசிரியை நேரிலேயே வந்து, காற்று வராத நாற்காலியில் உட்கார்ந்து, சட்டத்தைப் பார்த்து இரண்டு முறை தலையசைத்துவிட்டு, "ஐயா, அந்தப் பேனாவையும் கொண்டுவந்தீங்கன்னா பிள்ளைங்க பாப்பாங்க" என்றார்.

"பேனா இல்லாம நான் எங்கம்மா போறேன்?" என்றார் முத்திரையார். பேனா அலமாரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூடியில் அதே செப்புக் கம்பி.

விழாவுக்கு இன்னும் நான்கு நாள். மேடைக்கான சட்டையை முத்திரையார் தாமே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டை மடிப்பில் பிறரை நம்பமாட்டார். பக்கத்து அறையில் பேத்தி தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முன்னும் பின்னும் ஆடியபடி ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"காகிதக்கடைக்காரரின் பண்புநலன்கள். ஒன்று, வெளித்தோற்றத்தில் கருணை. இரண்டு, தற்பெருமை. மூன்று, கோழைத்தனம். நான்கு, தவறு என்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளாமை. காகிதக்கடைக்காரரின் பண்புநலன்கள். ஒன்று..."

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. புகை வந்த பிறகுதான் முத்திரையார் அதை எடுத்தார்.

"யாரைப் பத்திப் படிக்கிற?"

"கொள்ளுத் தாத்தாவப் பத்திதான் தாத்தா."

"கோழைன்னு யாரு சொன்னா?"

"நோட்ஸ்ல இருக்கு." பேத்தி எந்தக் கள்ளமும் இல்லாமல் புத்தகத்தை நீட்டினாள். "அஞ்சு மார்க் கேள்வி. போன டெஸ்ட்ல நாலாவது பாயிண்ட் மறந்துட்டேன். நாலு மார்க்தான் வந்துச்சு."

"நாலாவது பாயிண்டை நீ மறந்ததுதான் இந்த வீட்ல நடந்த ஒரே நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு முத்திரையார் அந்த வழிகாட்டியை வாங்கிப் பார்த்தார். அதில் ஒருவரும் தப்பவில்லை. ஒவ்வொரு கதைமாந்தருக்கும் நான்கு பண்புகள், ஒரு நீதி. கடையில் படுத்திருக்கும் பூனைக்குக்கூட உண்டு: சோம்பல், சுயநலம், ஆயினும் விசுவாசம், அமைதி. பூனைக்கே நான்கில் இரண்டு தேறியிருந்தது. தகப்பனாருக்கு ஒன்று, அதுவும் வெளித்தோற்றத்தில்.

"அப்பா, விடுங்களேன். பரீட்சை முடிஞ்சா யாரு ஞாபகம் வெச்சிருக்கப்போறா?" என்றான் மகன்.

"வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பிள்ளைங்க எழுதுதுங்க தெரியுமா? எங்கப்பன் கோழைன்னு ஆயிரம் பிள்ளைங்க எழுதி, அதுக்கு வாத்தியார் சிவப்பு மையில சரின்னு டிக் போடுறான். இத விடச் சொல்றியா?"

"மாமா, சட்டை..." என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். முதுகுப் பக்கம் இஸ்திரிப் பெட்டியின் முழு வடிவமும் பழுப்பாகப் பதிந்திருந்தது.

மறுநாள் காலை, தட்டச்சு செய்த கண்டனக் கடிதம் ஒன்றுடன் முத்திரையார் வழிகாட்டி எழுதிய உரைக்காரரைத் தேடிப் போனார். நகலெடுக்கும் கடைக்கு மேலே ஒரு சிறிய அறை. தரை முழுக்கப் புத்தகக் கட்டுகள். வேதியியல், வரலாறு, தமிழ், மாதிரி வினாத்தாள் எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தவை. உரைக்காரர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடிதத்தைப் படித்ததும் அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஐயா, நீங்க அவரோட மகனா? உக்காருங்க. எனக்கும் அவருக்கும் ஒரு விரோதமும் கிடையாது. கேள்வி வருது, நான் பதில் எழுதுறேன்."

"நாவலை முழுசாப் படிச்சீரா நீர்?"

"முழுசாவா? வருஷத்துக்குப் பதினாலு நோட்ஸ் எழுதுறேன் ஐயா. முழுசாப் படிச்சா எப்ப எழுதுறது? பத்தொன்பதாம் அத்தியாயம் மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். கேள்வி அங்கேருந்துதான் வரும்."

"மூணாம் அத்தியாயம்?"

"அதுலேருந்து ஒரு மார்க் கேள்விகூட வராதே." உரைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நீங்க எத்தனை தடவை படிச்சிருக்கீங்க முழுசா?"

முத்திரையார் பார்வையைப் புத்தகக் கட்டுகளின் பக்கம் திருப்பினார்.

உரைக்காரர் இரக்கப்பட்டார். "ஒண்ணு பண்ணலாம். அடுத்த பதிப்புல உங்கப்பாவுக்கு ஒரு நல்ல குணம் கூடச் சேத்துடறேன். நேரந்தவறாமை. யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. இல்லேன்னா, அந்தக் கதைமாந்தர் எங்கப்பாவே இல்லன்னு நீங்க ஒரு மறுப்பு எழுதிக் கொடுங்க, முன்னுரையில போட்டுடறேன்."

அப்பா இல்லையென்று எழுதிக் கொடுப்பதா! நாற்பத்திரண்டு வருடமாக எத்தனை பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்! குடும்ப மானத்தைக் காப்பாற்ற, இத்தனை வருடம் காப்பாற்றியதையெல்லாம் தம் கையாலேயே மறுக்க வேண்டும். இப்படி ஒரு பத்திரம் அலுவலகத்துக்கு வந்திருந்தால் கொண்டுவந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் பாடப்புத்தகத்தை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார்.

உறை மடிக்கும் பெண்ணுக்கு அப்போது பதிமூன்று வயது. கடையில் பேனாவைக் காணவில்லை. வாடிக்கையாளர்கள் ஆறேழு பேர் நிற்கும்போது முதலாளி அவளைக் கூப்பிட்டு, அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கல்லாமேசைமேல் கவிழ்த்துக் கொட்டுகிறார். உள்ளே சாப்பாடுதான் இருந்தது. ஆனாலும் போகச் சொல்லிவிடுகிறார். பத்து நாள் கழித்து அவள் அந்தத் தெருவழியாகப் போகிறாள். முதலாளி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கையில் அதே பேனா. மழைக்கோட்டின் உள்பையில் கிடைத்தது என்பதைப் பின்னால் யாரோ சொல்கிறார்கள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். கூப்பிடவில்லை. பேனாவை மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்கிறார்.

'அவர் கை பெரியது. பேனா முழுவதும் மறைந்துவிட்டது. அன்றைக்கு நான் பெரியவளானேன்' என்று அத்தியாயம் முடிகிறது.

முத்திரையார் கடைசி வரியை மூன்று முறை படித்தார். அலுவலகப் பழக்கம்.

மாலையில் தங்கை வந்தாள். மருமகள் போன் செய்து வரவழைத்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நர்ஸ், யார் வீட்டிலும் கேட்காமல் உள்ளே வருகிறவள், யாருக்கும் பயந்து ஊசியைத் தள்ளிப்போடாதவள். அண்ணன் கையில் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்ததும், "அப்பாடா, ஒருவழியா வந்து சேர்ந்தியா?" என்றாள்.

"நீ எப்பப் படிச்ச?"

"வந்த வருஷமே."

"நாப்பத்திரண்டு வருஷமாத் தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

"நீ எங்க கேட்ட? நான் சொல்ல வாயெடுத்தப்போ நீ சுவத்துல ஆணி அடிச்சிட்டிருந்த. 'கொஞ்சம் இடது பக்கம் சாயுதா பாரு'ன்னு என்னைத்தான் பாக்கச் சொன்ன."

"கட்டுக்கதையா இருக்கலாம்ல? எழுத்தாளருங்க நாலு சேத்துத்தான எழுதுவாங்க?"

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காற்று வராத நாற்காலிதான்.

"அண்ணே, அப்பா படுக்கையில இருந்தப்போ அந்தப் புத்தகத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான். நீ அப்போ ஆபீஸ், ஆபீஸ்னு ஓடிட்டிருந்த. மூணாம் அத்தியாயம் வந்தப்போ, திரும்பப் படி, திரும்பப் படின்னார். அழுதார். பத்தொன்பது வந்துச்சு. பாதி படிக்கும்போதே கையை நீட்டிப் பக்கத்தை மூடிட்டார். நாங்கூட கண்ணு கூசுதுன்னு நெனச்சேன். அப்புறம் அவரே மூணாம் அத்தியாயத்தைக் கிழிச்சு, 'இத அண்ணங்கிட்ட கொடு'ன்னார். மிச்சப் புத்தகத்தைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டார்."

முத்திரையார் சட்டத்தைப் பார்த்தார். இடது ஓரத்தில் பக்கங்கள் கோணலாகக் கிழிந்திருந்தன. இத்தனை நாள் அதை அப்பாவின் கைநடுக்கம் என்று நினைத்திருந்தார்.

"எழுதினவளைக் கூட்டிட்டு வரட்டுமாப்பான்னு கேட்டேன். பக்கத்துத் தெருவுலதான் அப்போ இருந்தா. 'நாளைக்கு'ன்னார். மறுநாளும் கேட்டேன். 'நாளைக்கு.' மூணு மாசம் நாளைக்கு நாளைக்குன்னே போய்ச் சேந்துட்டார். அவளும் போய்ப் பத்து வருஷம் ஆச்சு."

"விழாவுக்குப் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. நான் நர்ஸு, சர்டிபிகேட்டுக்கு ஆள் பிடிச்சுத் தர்றேன்" என்றாள் தங்கை. "என்ன வியாதின்னு எழுதச் சொல்லட்டும்?"

இரண்டு நாள் முத்திரையார் அறைக்குள் உட்கார்ந்து உரை எழுதினார். 'நாவல் என்பது கற்பனை. கதைமாந்தரை உயிரோடு வாழ்ந்த மனிதரோடு சேர்த்துப் பார்ப்பது பிழை' என்று ஆரம்பித்தது. எந்த இடத்திலும் பொய் இல்லை. எந்த இடத்திலும் பத்தொன்பது என்ற எண்ணும் இல்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவருக்கு, வில்லங்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதோடு எப்படி மறைப்பது என்பதும் தெரியும். மகன் படித்துப் பார்த்து, "பிரமாதம்ப்பா, யாராலயும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றான். அந்தப் பாராட்டு முத்திரையாருக்கு இனிக்கவில்லை.

விழா அன்று பேனாவைப் பெட்டியிலிருந்து எடுத்தார். வைத்தார். எடுத்தார். இந்த வேலையிலேயே பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. பிறந்ததிலிருந்து எங்கும் தாமதமாகப் போகாதவர்.

மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள். மேடைமேல் மேசை, மேசைமேல் சிவப்புத் துணி, துணிமேல் பேனா. தமிழாசிரியை ஒலிபெருக்கியில், "காகிதக்கடைக்காரரின் சொந்த மகன் நம்மிடையே" என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. முன் வரிசையில் சில பிள்ளைகள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பேத்தி மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

முத்திரையார் எழுந்து வந்தார். உரையை விரித்தார். முதுகு விறைப்பாக, குரல் கணீரென்று, "நாவல் என்பது கற்பனை" என்று தொடங்கினார்.

இரண்டாம் வரிக்குப் போவதற்குள் மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முன் வரிசையில் ஆரம்பித்து, பின்னால் போய், சுவரைத் தொட்டுத் திரும்பியது. பிள்ளைகள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மேசைமேல் இருந்தது. ஒரு பெண் எட்டிப் பார்க்க எழுந்தே நின்றுவிட்டாள்.

முத்திரையார் குனிந்து பார்த்தார். தாள் காற்றில் பறக்காமலிருக்க வலது கையால் பிடித்திருந்தார். இடது கை மேசைமேல் ஊன்றியிருந்தது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை கவிழ்ந்து, பேனாமேல். அவர் கையும் பெரியது. பேனா முழுவதும் மறைந்திருந்தது.

கையை எப்போது அங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்கும் அது என்னவென்று தெரியும். அஞ்சு மார்க்குக்குப் படித்தவர்கள்.

ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. தமிழாசிரியை தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். முத்திரையார் அசையாமல் நின்றார். கையை இழுத்துக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகும். இழுக்காவிட்டால் மறுபடி ஒருமுறை நடந்ததாகும். வழிவழியாக வருகிறது என்று சொந்தக்காரர்கள் அவர் மூக்கைத்தான் சொல்வார்கள். கையைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அவர் கையை எடுத்தார். மெதுவாகத்தான் வந்தது. பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"காகிதக்கடைக்காரர் எங்கப்பா. மூணாம் அத்தியாயத்துல வர்றதும் அவர்தான், பத்தொன்பதுல வர்றதும் அவர்தான். பேனா இதுதான்." நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டத்தைக் காட்டும் இருமல் இல்லை இது. "அந்தப் பொண்ணு எடுக்கல."

அவர் இன்னொரு முறை, அறுபது வருடங்களுக்கு முன் கடையில் நின்ற அந்த ஆறேழு வாடிக்கையாளர்களுக்கும் கேட்க வேண்டும் என்பது போல உரக்கச் சொன்னார்.

"அவ எடுக்கல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். எங்க வீட்ல யாரும் சொல்லல. இப்போ நான் சொல்றேன்."

உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வதென்று ஆசிரியைக்கே தெரியவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மிஸ், இது எக்ஸாம்ல வருமா?"

மண்டபமே சிரித்தது. முத்திரையார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தங்கை, வாசல் பக்கம் நின்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வந்து மருமகளிடம், "உன் மாமாவோட வியாதி மேடையிலயே சரியாயிடுச்சு, மருந்து வேணாம், விட்டுடு" என்றாள்.

சட்டம் அதே ஆணியில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே மூன்றாம் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பதும் ஏறியது. இரண்டு மடங்கு அகலமாகிவிட்டதால் சட்டம் இப்போது நிஜமாகவே இடது பக்கம் சாய்ந்தது. வருகிறவர்களை இப்போதும் அந்த நாற்காலியில்தான் உட்காரவைத்தார். யாராவது மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்தினால் இருமினார்.

அடுத்த கல்வியாண்டில் உரைக்காரரின் வழிகாட்டி புதுப் பதிப்பு வந்தது. பேத்தி ஓடிவந்து பக்கத்தைத் திறந்து காட்டினாள். பூனைக்கு அடுத்தபடியாக, நாவலிலேயே இல்லாத புதிய மாந்தர் ஒருவர் சேர்ந்திருந்தார். 'காகிதக்கடைக்காரரின் மகன். பண்புநலன்கள்: ஒன்று, நேரந்தவறாமை. இரண்டு, வாய்மை. மூன்று, துணிவு. நான்கு, குடும்பப் பற்று. நீதி: காலம் தாழ்த்தினாலும் உண்மை கூறுக. ஐந்து மதிப்பெண்.'

"தாத்தா, நாலுமே நல்லது! பூனையைவிட ரெண்டு கூட!"

முத்திரையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு எழுதும் மேசையில் உட்கார்ந்து, செப்புக் கம்பி சுற்றிய பேனாவைத் திறந்து, உரைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

'ஐயா, தங்கள் வழிகாட்டியின் நாற்பத்தோராம் பக்கத்தில் என்னைப் பற்றிக் கூறியுள்ள முதல் பண்பு தவறு. அன்று நான் பத்து நிமிடம் தாமதமாகத்தான் சென்றேன். திருத்தவும்.'

மை காயும்வரை காத்திருந்து, மடித்து உறையில் போட்டார்.